தங்கை கொண்டுவந்த அடுப்படிச் சாமான்கள்: எதற்கு டிரான்ஸ்ஃபார்மர், எதற்கு வேண்டாம்

நியூ ஜெர்சியில் 11 வருடம் இருந்துவிட்டு என் தங்கை குடும்பத்தோடு மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். கப்பலில் வந்த பெட்டிகளைப் பிரித்தால் பாதிக்கு மேல் அடுப்படிச் சாமான்கள். கேக் மாவு பிசையும் ஸ்டாண்ட் மிக்சர், மின்சாரப் பிரஷர் குக்கர், ஜூஸ் அடிக்கிற பெரிய பிளெண்டர், அமெரிக்காவிலேயே வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டர். இவை போதாதென்று ஜப்பான் ரைஸ் குக்கர் ஒன்று. மச்சான், ஜப்பான் மாதிரி நாடுகளிடம் கற்றுக்கொள்ள மலேசிய அரசு 1982-இல் தொடங்கிய கிழக்கை நோக்கும் கொள்கையின் உபகாரச் சம்பளத்தில் ஜப்பான் போய்ப் படித்து வந்த தலைமுறை. அந்தப் பாசம் விடவில்லை. பிறகு ஒருமுறை தோக்கியோ போனபோது தூக்கிவந்தது அது.

"அண்ணே, எல்லாத்தையும் ஓட்டுற மாதிரி ஒரே பெரிய டிரான்ஸ்ஃபார்மரா வாங்கிடலாமா?" என்று தங்கை கேட்டாள்.

செம்பனை ஆலையில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பொறுப்பாளர், வேலை பார்ப்பதால், யார் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து சாமான் வந்தாலும் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் சாமானைக் கவிழ்த்துப் போட்டு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். ஐந்து சாமானுக்கும் ஒரே பதில் வராது. உள்ளே இருப்பது சூடாகும் கம்பியா, கார்பன் பிரஷ் (சுற்றும் பாகத்தைத் தொட்டுக் கரண்டு கொடுக்கும் கரித்துண்டு) வைத்த மோட்டாரா, பிரஷ் இல்லாத மோட்டாரா, எலெக்ட்ரானிக் போர்டா என்பதைப் பொறுத்துத்தான் பணம் செலவழிக்கலாமா கூடாதா என்றே முடிவாகும்.

லேபிளில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை கரண்டு அலை என்ற எண்) என்று இருந்தால் வேலை சுலபம். போன் சார்ஜர், சார்ஜ் ஏற்றும் சின்ன பிளெண்டர், அடுப்படித் தராசு எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. பிளக்கின் முனையை மாற்றும் அடாப்டர் போதும். தங்கையின் ஐந்து சாமானில் ஒன்றுகூட இந்த வகை இல்லை.

நம் ஊர் கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் முன்பு 240 வோல்ட் என்று எழுதிக்கொண்டிருந்தோம். 2008 முதல் கணக்குக்கு 230 வோல்ட், அதில் 10 சதவீதம் கூடலாம், 6 சதவீதம் குறையலாம். அதாவது 216-லிருந்து 253 வரை எது வந்தாலும் சட்டப்படி சரி. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மீட்டர் வைத்துப் பார்த்தால் இன்றைக்கும் 240-ஐ ஒட்டித்தான் காட்டும். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். தோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். ஒரே நாட்டில் இரண்டு வகை வந்த கதை 1890-களில் தொடங்கியது. தோக்கியோக்காரர்கள் ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கினார்கள். இன்னும் அப்படியே ஓடுகிறது.

இப்போது கணக்கு. சூடாகும் கம்பிக்கு வோல்ட் இரண்டு மடங்கானால் வாட் நான்கு மடங்காகும். தங்கையின் பிரஷர் குக்கர் 120 வோல்ட்டில் 1000 வாட். அதை நேராக நம் 240-இல் செருகினால் 4000 வாட் கேட்கும், கிட்டத்தட்ட 17 ஆம்ப். நம் பிளக்கில் இருக்கும் ஃபியூஸே 13 ஆம்ப்தான். ஜப்பான் சாமான் என்றால் இன்னும் மோசம்: 100-க்குச் செய்ததை 240-இல் போட்டால் ஐந்தே முக்கால் மடங்கு. தலைகீழாகப் போனாலும் இதே கணக்குதான். இங்கே 700 வாட் என்று வாங்கிய ரைஸ் குக்கரை ஜப்பானுக்குத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு அங்கே அது 120 வாட்தான் கொடுக்கும். அரிசி ஊறும், வேகாது.

இதைத் தங்கைக்குச் சொல்லி முடிக்கும் முன்பே ஜப்பான் குக்கர் போய்விட்டது. நான் ஆலையில் மத்தியான ஷிப்டில் இருந்தேன். தங்கையின் மகனுக்கு 13 வயது, பயணத்துக்கு வாங்கிய அடாப்டர் ஒன்று அவன் கையில் இருந்தது. தட்டை முனையை அதில் செருகி, அதை நம் சுவரில் செருகி, சுவிட்சைத் தட்டியிருக்கிறான். அந்த அடாப்டர் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைத் தொடாது. "டப்" என்று ஒரே சத்தம், அப்புறம் கருகிய மீன் மாதிரி ஒரு வாடை என்றார் அம்மா.

ராத்திரி வந்து பிரித்துப் பார்த்தேன். வயர் உள்ளே நுழைந்ததும் முதலில் நிற்பது ஒரு கண்ணாடி ஃபியூஸ். அதன் உட்புறம் கண்ணாடிக்கு ரசம் பூசின மாதிரி வெள்ளியும் கறுப்புமாகப் படிந்திருந்தது. அதற்கு அடுத்து பட்டன் அளவில் ஒரு நீல வில்லை, வேரிஸ்டர் என்பார்கள். வோல்ட் எல்லை மீறினால் தன்னைத்தானே பலிகொடுத்து ஃபியூஸை எரியவைப்பதுதான் அதன் வேலை. அது சரியாகச் செய்திருந்தது, நடுவில் பிளந்து இரண்டாகக் கிடந்தது. இரண்டையும் சில வெள்ளி (ரிங்கிட்) செலவுக்குள் மாற்றிவிட்டேன், போர்டு பிழைத்தது. எல்லாருக்கும் இப்படி அமையாது. வேரிஸ்டர் இல்லாத மலிவுச் சாமானாக இருந்திருந்தால் போர்டோடு போயிருக்கும்.

சரி, வோல்ட்டைக் குறைப்பது எப்படி? கடையில் இரண்டு வகை கிடைக்கும், இரண்டையும் மக்கள் ஒரே பெயரில் கேட்பதால்தான் குழப்பம்.

முதல் வகை கையில் அடங்கும். எடை கால் கிலோ, அரைக் கிலோ. மேலே 1600 வாட், 2000 வாட் என்று தடித்த எழுத்து. விலையும் குறைவு. உள்ளே இரும்பும் இல்லை, செம்புச் சுற்றும் இல்லை. கரண்டு அலையை வெட்டி வெட்டி அனுப்பும் ஒரு எலெக்ட்ரானிக் சுவிட்ச்தான். சராசரியாக 120 மாதிரி ஆக்கும், ஆனால் வெட்டின துண்டின் உச்சம் 340 வோல்ட் வரைக்கும் அப்படியே போகும். வெறும் கம்பி மட்டும் உள்ள இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தும் கருவிக்குக் கொஞ்ச நேரம் தாங்கும். பட்டன், திரை, டைமர் எது இருந்தாலும் இதில் செருகக் கூடாது. இன்றைய அடுப்படிச் சாமானில் போர்டு இல்லாதது எது? அதனால் இந்த வகையை நான் சமையலறைக்குள்ளேயே விடுவதில்லை.

இரண்டாவது வகைதான் நிஜ டிரான்ஸ்ஃபார்மர். இரும்பும் செம்பும். 2000 வாட்டுக்கு வாங்கினால் பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். கடைக்காரர் 2000 என்று சொல்லி ஒரு கையால் தூக்கிக் கொடுத்தால் நம்பாதீர்கள். இதிலும் இரண்டு ரகம். ஒரே சுற்றைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் எடையும் விலையும் குறைவு. ஆனால் உள்ளே பங்குபோடும் அந்தச் சுற்று எங்காவது அறுந்தால், 120 வர வேண்டிய பக்கத்தில் 240 முழுதாக வந்து நிற்கும். இரண்டு சுற்றும் தனித்தனியாக இருக்கும் ஐசொலேஷன் ரகத்தில் அந்தப் பயம் இல்லை. அதில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: சாமான் மாட்டும் வெளிப்பக்கத்தில் கரண்டு கசிந்தால், நம் வீட்டுக் கரண்டுப் பெட்டியில் கசிவைக் கண்டு கரண்டை அறுக்கும் ஆர்சிசிபி அதைப் பார்க்காது, விழாது. அதனால் மூன்று முனை சாமான் என்றால் எர்த் வயர் கடைசிவரை தொடர்கிறதா என்று மீட்டரில் பார்த்துத்தான் ஓட்டுவேன்.

வாங்கும்போது எல்லாரும் மறக்கிற இன்னொன்று வெளிப்பக்க எண், அதாவது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெளியே வரும் வோல்ட். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது 240-க்கு 110. அமெரிக்கச் சாமானுக்கு அது கொஞ்சம் குறைவு, பாதகமில்லை. கேக் வேக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஜப்பான் சாமானுக்கு அதே 110 கூடுதல்: சூடு 21 சதவீதம் ஏறும். நம் சுவரில் 253 வரும் நாளில் அந்த 110 என்பது 116 ஆகிவிடும், அப்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். ஆகையால் 100, 110, 120 என்று மூன்று வெளிப்பக்க முனையும் தனித்தனியாக எடுத்துவைத்த டிரான்ஸ்ஃபார்மராகக் கேட்டு வாங்குங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கம் கேட்டால் சுற்றிக் கொடுக்கவும் ஆள் உண்டு.

கட்டுமான இடத்தில் பார்க்கும் மஞ்சள் நிற 110 வோல்ட் பெட்டியை இரவல் வாங்கலாமே என்று மச்சான் கேட்டார். அதன் 110 என்பது எர்த்துக்கு அந்தப் பக்கம் 55, இந்தப் பக்கம் 55. இரண்டு வயரிலும் கரண்டு இருக்கும். அமெரிக்கச் சாமானின் சுவிட்ச் ஒரு வயரைத்தான் அறுக்கும், அணைத்த பிறகும் உள்ளே 55 வோல்ட் உட்கார்ந்திருக்கும். அதோடு அந்தப் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, துளைபோடும் மெஷின் மாதிரி விட்டுவிட்டு ஓட்டுவதற்குச் சொன்னது. வேண்டாம் என்றேன்.

இதுவரை வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரால் மாற்ற முடியாதது ஹெர்ட்ஸ். 60 தேவைப்படும் சாமானுக்கு அதன் வழியாகவும் 50-தான் போகும். இதை எனக்கு யாரும் பாடப் புத்தகத்தில் சொல்லித்தரவில்லை, தோட்டத்து எஞ்சின் சொல்லித்தந்தது. நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில். அப்போது தோட்டத்துக்குக் கரண்டு தோட்டத்து எஞ்சினிலிருந்துதான், ராத்திரி நிறுத்திவிடுவார்கள். அப்பா படுத்தபடியே மேல்விசிறியைப் பார்த்து, "எஞ்சின் இழுக்குது" என்பார். பாரம் ஏறி எஞ்சின் வேகம் குறைந்தால் விசிறியும் மெதுவாகும், கூடவே ஒரு முனகல் சத்தம். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் ஜெனரேட்டர் கொடுப்பது 50 ஹெர்ட்ஸ், 1800 சுற்று ஓடினால் 60. பிரஷ் இல்லாத மோட்டார் அந்த எஞ்சினின் வேகத்தைத்தான் பின்தொடரும்.

தங்கையின் கிரைண்டரில் இருப்பது அந்த வகை மோட்டார். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, ஆனால் அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கென்று 60 ஹெர்ட்ஸ் மோட்டார் போட்டுத் தனியாகச் செய்கிறார்கள். அவளுடையதில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 150 வாட் என்றிருந்தது. மூன்று முனையும் உள்ளதாக நாங்கள் வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரின் 120 முனையில் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். கல் சுற்றியது. தங்கைக்குச் சந்தோஷம், "பாத்தியா, ஓடுதே" என்றாள். கால் மணி நேரம் கழித்து அடிப்பகுதியில் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். மாவும் பாதிதான் அரைந்திருந்தது.

காரணம் இதுதான். ஹெர்ட்ஸ் 60-லிருந்து 50 ஆனால் கல்லின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். அரை மணி நேரத்தில் அரைந்தது இனி 36 நிமிடம் ஆகும். அது பெரிய விஷயமில்லை. ஆனால் அதே 120 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் போகும்போது மோட்டாரின் இரும்புக்குள் காந்தம் 20 சதவீதம் கூடுதலாக ஏறுகிறது. இரும்பு தாங்கும் அளவு தாண்டிவிடும், மீதியெல்லாம் சூடாக மாறும். வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைத்தால் காந்தம் பழைய நிலைக்கு வரும்: 120-ஐ 60-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் 100. ஜப்பானுக்காகக் கேட்டு வாங்கிய 100 வோல்ட் முனை இங்கேதான் கைகொடுத்தது. அதில் மாட்டியதும் மோட்டார் சூடு கை வைத்துப் பிடிக்கும் அளவுக்கு இறங்கியது. மெதுவாகத்தான் அரைக்கிறது, ஆனால் அரைக்கிறது.

இருந்தாலும் கிரைண்டருக்கு இது நிரந்தர வழி இல்லை என்பது என் கருத்து. அந்தச் சாமானின் உடம்பும் கல்லும் இந்தியாவில் விற்கிற 230 வோல்ட் கிரைண்டரின் உடம்பும் கல்லும்தான். மோட்டாரும் கெப்பாசிட்டரும் மாற்றினால் நம் கரண்டில் நேராக ஓடும். சொந்தக்காரர் யாராவது ஊருக்குப் போய் வரும்போது சொல்லிவிட்டால் போதும். ஒரே எச்சரிக்கை, 60 ஹெர்ட்ஸுக்கென்று சின்ன புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) போட்டிருந்தால் மோட்டாரோடு அதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புது மோட்டார் போட்டும் கல் மெதுவாகவே சுற்றும்.

ஸ்டாண்ட் மிக்சர் இதற்கு நேர் எதிர். அதில் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். ஹெர்ட்ஸ் 50-ஆ 60-ஆ என்று அது கேட்பதே இல்லை, 120 வோல்ட் வந்தால் போதும். எடுக்கும் கரண்டும் குறைவு, லேபிளில் 325 வாட். கிளம்பும்போது ஒரு இழுப்பு இழுக்கும் என்பதால் இரண்டு மடங்குக்கு மேல் வைத்து 750 விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு, வாட் மாதிரிதான்) ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் எடுத்தோம். இதே மிக்சரை இங்கே புதிதாக வாங்கும் விலையைப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுத்த காசு உறுத்தாது. வெளிநாட்டிலிருந்து வந்த சாமானில் எதற்காவது டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம் என்றால் இதற்குத்தான்: விலை அதிகம், வாட் குறைவு, ஆயுசு நீளம், பிரஷ் மோட்டார்.

பிரஷர் குக்கரில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. 1000 வாட் கம்பிக்குத் தாராளமாக 1500 விஏ வேண்டும். அந்த டிரான்ஸ்ஃபார்மரின் விலைக்கு இங்கேயே 230 வோல்ட் குக்கர் புதிதாக, மலேசியத் தர முத்திரையான சிரிமோடு, உத்தரவாதத்தோடு கிடைக்கும். சின்னம்மாவின் பேத்தி வேலைக்காகக் கனடா போகிறாள். அங்கேயும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். குக்கரை அவளுக்குக் கொடுத்துவிட்டோம். முதலில் தங்கை முகம் சுளித்தாள், பிறகு அவளே பெட்டி கட்டிக் கொடுத்தாள்.

பிளெண்டரில்தான் சண்டை. 1400 வாட். "ரெண்டு நிமிஷம்தானே ஓடும், அந்த 750-இலயே போடேன்" என்பது அவள் வாதம். டிரான்ஸ்ஃபார்மர் இரும்புக் கட்டி, கொஞ்ச நேரப் பாரத்தைச் சூடாகும் முன்பு தாங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் 750-இல் 1400 என்பது கொஞ்சம் இல்லை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதன் ஃபியூஸ் எப்படியும் போய்விடும். பெரியதாக 2000 வாங்கினால் ஓடும், ஆனால் அந்த எடையை அடுப்படியில் எங்கே வைப்பது? பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்னொரு குணம் உண்டு. சுவிட்சைத் தட்டிய நொடியில் எடுக்கும் முதல் இழுப்பிலேயே சில நேரம் வீட்டு பிரேக்கர் விழும், பக்கத்து அறையில் டிவியும் அணையும். பிளெண்டர் இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. விற்கவும் அவளுக்கு மனசில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் யார் வைத்திருந்தாலும் ஒன்று செய்யுங்கள்: வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். மிக்சர் ஓடாவிட்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் சும்மா 15 வாட் மாதிரி தின்னும். மாதம் முழுக்க விட்டால் 10 யூனிட்டுக்கு மேல். தொட்டுப் பார்த்தால் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று பூனை அதன்மேல் ஏறிப் படுப்பதும் இதனால்தான்.

அமெரிக்க மைக்ரோவேவை விட்டுவிட்டு வந்தது நல்ல காரியம். பழைய ரகத்தில் உள்ளேயே ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர், அது 60-க்குச் சுற்றியது. கிரைண்டருக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும். கரண்டு அலையை எண்ணி மணி காட்டும் ரகமாக இருந்தால் கடிகாரமும் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். ஹெர்ட்ஸையே மாற்றிக் கொடுக்கும் கருவி உண்டு, ஆலைகளில் பார்க்கலாம். வீட்டுக்கு அதை வாங்கும் காசில் சமையலறையையே புதுப்பித்துவிடலாம்.

இந்தியாவிலிருந்து வரும் சாமானுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அம்மாவின் 750 வாட் மிக்சி கோயம்புத்தூரிலிருந்து கைப்பெட்டியில் வந்தது. உருண்டை முனைப் பிளக்கை வெட்டிவிட்டு நம் மூன்று முனைப் பிளக்கை மாட்டி, 13-ஐ எடுத்துவிட்டு 5 ஆம்ப் ஃபியூஸ் போட்டேன். பத்து நிமிட வேலை. தீவிரமான தப்பு எங்கே நடக்கிறது என்றால், பிளக் மாற்றச் சோம்பல்பட்டு, சுவர் சாக்கெட்டின் மேல் துளையில் சாப்ஸ்டிக்கை விட்டு, மற்றத் துளைகளை மூடியிருக்கும் உள் கதவைத் திறந்து உருண்டை முனையைத் திணிப்பார்கள். பிடிப்பு இல்லாமல் ஆடும், எர்த்தும் இருக்காது. ஈரக் கையோடு தேங்காய்ச் சட்னி அரைக்கும் இடத்தில் அது வேண்டாத வேலை. இந்தியாவின் பெரிய 16 ஆம்ப் பிளக் மட்டும் நம் வீட்டு ஏர்கோனுக்குப் போடும் 15 ஆம்ப் துளையில் அப்படியே உட்காரும். பழைய பிரிட்டிஷ் அளவு இரண்டு ஊரிலும் மிச்சமிருக்கிறது.

கடைசியாக அந்த ஜப்பான் ரைஸ் குக்கர். ரிப்பேர் செய்தாயிற்று, 100 வோல்ட் முனையும் கையில் இருக்கிறது, ஆனால் குக்கர் 1200 வாட்டுக்கு மேல் எடுக்கும், 750 தாங்காது. மச்சானுக்கு அதே கம்பெனி நம் பக்கத்துக்கென்று செய்யும் 220–240 வோல்ட் குக்கர் வாங்கிக் கொடுத்தோம். சோற்றில் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிடுகிறார். பழையதன் உள்பாத்திரம் நல்ல கனம், அடி ஒட்டுவதில்லை. அம்மா அதில்தான் இட்லிக்கு உளுந்து ஊறவைக்கிறார்.